நோட்டீஸின் பின்பக்கம் சும்மா கிடக்கிறது: செட்டிநாட்டுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

விழாக்குழு, குடியிருப்போர் நலச் சங்கம், ஊரணிக் குழு, வாசகர் வட்டம், நற்பணி மன்றம், முன்னாள் மாணவர் சங்கம் என்று ஏதாவது ஒரு பெயரில் செட்டிநாட்டு ஊர்களில் பொறுப்பில் இருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருப்பவன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்கு என் கடையில் அடித்த ரசீது புத்தகம் தெரியும். கும்பாபிஷேகப் பத்திரிகை, ஆண்டு விழா அழைப்பிதழ், ரத்த தான முகாம் நோட்டீஸ், கண்மாய் மீன்பிடித் திருவிழா அறிவிப்பு, லெட்டர் பேடு என்று பல வருஷமாக உங்கள் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு சங்கத்தில் தலைவர் மாறிவிட்டார் என்பது உறுப்பினர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், புது லெட்டர் பேடு ஆர்டர் வருமே! சங்கம் இரண்டாகப் பிரிந்தாலும் அப்படித்தான். அதில் எனக்கு ஒன்றுக்கு இரண்டு ஆர்டர். ஆகவே இந்த மடலை வெளியாள் எழுதும் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நோட்டீஸைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். மேலே சாமி படம், இல்லையென்றால் தலைவர் படம். அடுத்து "பேரன்புடையீர்". அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. அப்புறம் பெயர்கள். ஒரு பக்கத்தில் முக்கால் பங்கு பெயர்களுக்கே போய்விடும். யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால், யாருக்கு எழுத்து ஒரு பாயிண்ட் சின்னதாகிவிட்டது என்று ப்ரூஃப் பார்க்க மூன்று பேர் வந்து நிற்பீர்கள். ஒருமுறை ஒரு பெயருக்கு இனிஷியல் விட்டுப்போய், அடித்த கட்டு முழுவதையும் திரும்ப அடிக்கச் சொன்ன கமிட்டியும் உண்டு. எல்லாம் முடிந்து கடைசி வரியில் "அனைவரும் வருக" என்று இருக்கும்.

வந்து என்ன செய்ய வேண்டும் என்பது எங்கேயும் இருக்காது.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் உங்கள் நோட்டீஸைக் கையில் எடுத்துப் படிப்பார்கள். படித்துவிட்டு என்னிடம் கேட்பார்கள். "அண்ணே, இந்த ஊரணி வேலைக்கு நாங்களும் வரலாமா, இல்லை உறுப்பினர் மட்டுந்தானா?" என்று ஒரு நர்ஸ் அம்மா கேட்டார். அவர் வந்து குடியேறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், வாடகை வீடு. சென்னையில் பேங்கில் இருந்து ஓய்வு பெற்று, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டுக்கே திரும்பிவிட்ட ஒரு பெரியவர், "தம்பி, கணக்கு வழக்கு யாராவது கொடுத்தா நான் பார்த்துத் தரேனே, யாரைப் பார்க்கணும்?" என்றார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மார்கள், அழகப்பா வளாகத்தில் படிக்கும் பையன்கள், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் என்று கேட்கிறவர்கள் பல ரகம். பதில் சொல்ல எனக்கே தெரியாது. நோட்டீஸில் போன் நம்பர் இருந்தால்தானே?

இன்னொரு பக்கம் நீங்கள் கடைக்கு வந்தால் சொல்வது இது: "யாருமே முன்வர்றது இல்லைப்பா. நாங்க நாலு பேருதான் இழுத்துட்டுப் போறோம்." இரண்டு பேச்சையும் ஒரே கல்லாவில் உட்கார்ந்து கேட்கிறவன் நான்.

வர விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் கேட்பது காசு மட்டும். ரசீது புத்தகத்தோடு வாசலில் நிற்கும் சங்கத்தைத்தான் அவர்களுக்குத் தெரியும். கையையும் நேரத்தையும் கேளுங்கள். எந்த வேலைக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எதற்காக நம் ஊர்களில் இது அவசரம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம் தெருக்களைப் பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, எங்கே போனாலும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் இன்னொரு தெருவில். 2014-ல் இந்த ஊர்களின் தொகுப்பை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டுக்காரர்கள் சென்னையில், கோயம்புத்தூரில், மலேசியாவில், சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள், பிறகு பூட்டுவார்கள். தினசரி தெருவில் நடக்கிறவர்கள் வேறு ஆட்கள்: வாட்ச்மேன், வாடகைக்கு இருப்பவர், பலகாரம் போட்டு விற்கும் அம்மா, கொத்தனார், ஓட்டலில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன். ஊருக்கு உரிமைப்பட்டவர்கள் ஒரு பட்டியல், ஊரில் இருப்பவர்கள் இன்னொரு பட்டியல். உங்கள் சங்கங்களில் பெரும்பாலானவை முதல் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கூட்டம் போடுகின்றன.

குலக் கோவில் விஷயமென்றால் சரி. இளையாத்தங்குடியோ மாத்தூரோ வைரவன்கோவிலோ, நகரத்தாரின் ஒன்பது குலக் கோவில் காரியத்தில் அந்தந்தக் கோவிலைச் சேர்ந்த புள்ளிகள், அதாவது குடும்பங்கள், வரி கட்டுகிறார்கள், அவர்களே முறை வைத்துப் பார்க்கிறார்கள். அதில் வெளியாருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர், குப்பை, பள்ளிக்கூடம், நூலகம், தெருவிளக்கு எல்லாம் ஒரு குலத்துக்கோ ஒரு சாதிக்கோ சேர்ந்தவை அல்லவே. அந்த வேலைக்கு ஆரம்பித்த சங்கத்திலும் "சொந்த வீடு உள்ளவர் மட்டும்", "இன்ன தெருவைப் பூர்வீகமாகக் கொண்டவர் மட்டும்" என்று விதி வைத்தால், சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது முதலில் பார்க்கிறவனுக்கு வாயில்லாமல் போகிறது.

ஊரணியை எடுத்துக்கொள்வோம். இதில் நமக்கு இருக்கும் அறிவு வேறு எந்த வட்டாரத்துக்கும் குறைந்ததில்லை. ஓட்டுக் கூரையில் விழும் மழை நாலு சரிவிலும் இறங்கி வீட்டு நடுவில் இருக்கும் வளவு முற்றத்துக்கு வரும். முதல் மழையைப் போகவிட்டுப் பிறகு வரும் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பார்கள். மிஞ்சியது முற்றத்து மடை வழியாகத் தெருக் காலுக்கு (கால் என்றால் வாய்க்கால்) போகும், தெருக்கால் வரத்துக்காலில் சேரும், வரத்துக்கால் ஊரணியில் விழும். செம்புராங்கல் கட்டிய சுவர், இறங்குவதற்குப் படி, நடுவில் கிணறு. குடிக்க ஓர் ஊரணி, குளிக்க ஓர் ஊரணி. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத சீமையில் ஊர் ஊராக இப்படி வெட்டி வைத்துப் போனார்கள். (அந்தக் காலத்தைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாருடைய வரியும் உழைப்பும் சேர்ந்து வெட்டிய ஊரணியிலேயே எல்லாரையும் படியிறங்க விடாத ஊர்கள் இங்கே இருந்தன. பழைய முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.)

இப்போது ஊரணி தூர்வார வெளிநாட்டிலிருந்தும் பணம் வருகிறது. ஜேசிபி வருகிறது, கரை பலப்படுகிறது, சுற்றிலும் கம்பி வேலி, கிரானைட் கல்வெட்டு, திறப்பு விழா. என்னிடம் நோட்டீஸ். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டுகிறது, ஊரணிக்குத் தண்ணீர் வரவில்லை. ஏன்? வரத்துக்காலில் ஒருவர் படிக்கட்டு கட்டிவிட்டார், இன்னொருவர் பைக் ஏற்றச் சரிவு போட்டுவிட்டார், ஒரு முக்கில் ஓட்டல் குப்பை, இன்னொரு முக்கில் கருவேல மரம். குழியை வெட்டக் காசு போதும். வரத்துக்காலைக் காக்க அந்தத் தெருவில் தினமும் நடக்கிற கண் வேண்டும். அது கோலாலம்பூரில் இருக்கும் புரவலருக்கு இல்லை, முக்கில் டீக்கடை வைத்திருப்பவருக்கு இருக்கிறது. அவரை நீங்கள் குழுவில் சேர்த்திருக்கிறீர்களா? திறப்பு விழாவுக்கு டீ சொல்லியிருப்பீர்கள்.

பழைய முறையில் ஒரு நல்லது இருந்தது. யாருக்கு என்ன பங்கு என்று முன்பே தெரிந்திருக்கும். கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி இருந்தார், மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் பொறுப்பு. குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். 2017-ல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது பணம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, வீட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை. இன்றைக்கும் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் பாதையில் பாருங்கள். குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பினால் எந்த இடத்தில் மோர், எந்த ஊரில் சாப்பாடு, எங்கே ராத் தங்கல் என்று வழியில் இருக்கிற ஜனங்களுக்குத் தெரியும். யாரும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவதில்லை. நாளும் இடமும் வேலையும் முடிவாகி இருப்பதால் ஆள் தானாக வருகிறது. கம்பன் திருநாளும் அப்படித்தான். சா. கணேசன் 1939-ல் தொடங்கி வைத்தது. பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடி, அத்தத்தன்று நாட்டரசன்கோட்டை. தேதி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, பஞ்சாங்கம் சொல்லிவிடும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில் அவர் கறாராக இருந்தார் என்று பெரியவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். உங்கள் கூட்டம் "மாலை 5 மணியளவில்" என்று போட்டு ஆறரைக்குத் தொடங்கினால், ஏழு மணிக்குச் சமைக்கப் போக வேண்டிய பெண் முதல் கூட்டத்தோடு நின்றுவிடுவார். அதை ஆர்வமின்மை என்று தீர்மான நோட்டில் எழுதாதீர்கள்.

குன்றக்குடி என்றதும் அடிகளாரைச் சொல்லாமல் போக முடியாது. மடத்துத் தலைவராக இருந்துகொண்டே தம் ஊருக்குக் கிராமத் திட்டக்குழு அமைத்தார். பக்கத்தில் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளை ஊருக்குள் கூட்டிவந்தார். ஊரில் என்ன வளம் இருக்கிறது, யாருக்கு வேலை இல்லை என்று கணக்கெடுத்து, அதற்கு ஏற்பச் சிறுதொழில் தொடங்க வைத்தார். கணக்கெடுப்புதான் அதில் முக்கியம் என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், வாரத்தில் எந்த நேரம் ஓய்வு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிற சங்கம் எத்தனை? நன்கொடை எவ்வளவு தருவார் என்ற பட்டியல் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறது.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்து போய்விடும் என்று அவர்களே எடுத்த முடிவு, பல தலைமுறையாக நிற்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பத்திரிகையில் செய்தியாக வரும், நாமும் பெருமையாகப் படிப்போம். ஒன்றைக் கவனியுங்கள். அந்த முடிவில் சின்னப் பிள்ளைக்கும் பங்கு இருக்கிறது. மத்தாப்பு வேண்டும் என்று அழும் பிள்ளை விட்டுக்கொடுக்காமல் அது நடக்காது. வாடகைக்கு வந்தவர், கட்டிக்கொண்டு வந்த மருமகள் என்று யாருக்கும் விலக்கில்லை, யாரும் வெளியாளும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

எனக்கு உங்கள் நோட்டீஸின் பின்பக்கம் வேண்டும். முன்பக்கத்தில் கை வைக்க மாட்டேன். சாமி படமும் பெயர்களும் அப்படியே இருக்கட்டும், எனக்கும் ஊரில் இருக்க வேண்டும். பின்பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. பேப்பருக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். பின்னால் ஒற்றைக் கலரில் அடிக்க ஒரு பிளேட்டும் மெஷின் ஓட்டுக்கூலியும்தான் கூடுதல், முன்பக்க மல்டிகலர் செலவோடு பார்த்தால் பெரிய தொகை இல்லை. அதில் இப்படிப் போடலாம்:

"ஊரணி வரத்துக்கால் சுத்தம் செய்கிறோம். புரட்டாசி முதல் ஞாயிறு காலை 6.30 முதல் 8.30 வரை. கூடும் இடம் பிள்ளையார் கோவில் முக்கு. மண்வெட்டி இருந்தால் கொண்டு வரலாம், இல்லாதவர்களுக்கு இங்கே இருக்கிறது. குனிய முடியாதவர்கள் பெயர் எழுதலாம், டீ போடலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர்கள், வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் எல்லாரும் வரலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 8.30-க்கு மேல் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம்."

கீழே ஒரு பெயர், ஒரு போன் நம்பர். தலைவருடைய நம்பர் வேண்டாம், எடுக்கிறவர் நம்பர் போடுங்கள்.

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயம் வேலை இல்லை, ஒருமுறை போனால் விடமாட்டார்கள் என்பதுதான். முதல் நாளே பொறுப்பாளர் ஆக்கி, ரசீது புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய சங்கங்களை எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் கேட்டால் இரண்டு மணி நேரத்தோடு விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவராகவே வருவார்.

அதற்குக் கீழே போன வருஷத்து வரவு செலவைப் போடுங்கள். பத்து வரி போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். பதிவாளருக்குக் கொடுக்கிற கணக்கைத் தெருவுக்குக் காட்டுவதில் என்ன சங்கடம்? நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் அது எங்கே போனது என்று தெரிய வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு என்று என் கணக்கையும் சேர்த்தே போடுங்கள். பாக்கி வைத்திருக்கும் சங்கங்கள் அதையும் போட்டால் எனக்குச் சந்தோஷம்.

கணக்கு என்றதும் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சொல்ல வேண்டும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு, இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. 12 முதல் 20 பேர், குறித்த நாளில் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம். வங்கி மேலாளர் புரட்டிப் பார்த்துக் கடன் கொடுக்கும் அளவுக்குச் சுத்தமாக எழுதுகிறார்கள். நம் ஊரில் ஒழுங்காகக் கணக்கு எழுதும் அமைப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் இவர்களைத்தான் சொல்வேன். இவர்களை நீங்கள் எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? முளைப்பாரி தூக்க, அன்னதானத்துக்குக் காய் நறுக்க, மேடைக்கு முன்னால் நாற்காலி நிரப்ப. அந்தத் தெருக் குழுவின் பிரதிநிதி ஒருவரை உங்கள் பொருளாளராக்கிப் பாருங்களேன். கமிட்டியில் ஒரு பெண் வேண்டும் என்று பெயருக்கு "மகளிரணி" போட்டு நோட்டீஸின் ஓரத்தில் சேர்ப்பதைவிட அது பிரயோஜனம்.

பின்பக்கத்தில் இன்னும் இடம் இருக்கும். அங்கே அரசாங்கம் ஏற்கெனவே எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் கதவுகளைப் பற்றி எழுதுங்கள். உங்கள் சங்கத்துக்கு நேரடி லாபம் இல்லைதான், ஆனாலும் எழுதுங்கள். கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உட்காரலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். சொந்த வீடா, வாடகையா, எந்தத் தெரு என்று யாரும் கேட்க முடியாது. குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தாக வேண்டும். உங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு வரும் கூட்டத்தில் பாதி அங்கே போனாலே சபை நிறைந்துவிடும். நூறு நாள் வேலை அட்டைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துபோகும் சபையாக அது இருப்பதற்கு, தனியாக மண்டபம் பிடித்து அதே தெருவிளக்கைப் பற்றிப் பேசும் நாமும் காரணம். ஊரணியின் வரத்துக்கால் ஆக்கிரமிப்பைச் சங்கக் கூட்டத்தில் கண்டித்தால் காற்றோடு போகும். கிராம சபைத் தீர்மானமாக எழுதினால் அதிகாரி கையில் காகிதமாக நிற்கும்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நகரத்துக்குள் கிராம சபை கிடையாது, அதற்குப் பதில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-லிருந்து இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? என் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதாகச் சொன்னதில்லை. எந்த வார்டில் எப்போது கூடுகிறது என்று கேட்டறிந்து நோட்டீஸில் போட்டால் அதுவே பெரிய சேவை.

பள்ளி மேலாண்மைக் குழுவும் அப்படித்தான். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர்கள் நேரே தலைமையாசிரியரிடம் போய் நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறோம் என்கிறீர்கள். குழுவில் இருக்கும் தாய்மார்களிடம் கேட்டிருந்தால் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லியிருப்பார்கள். வளைவில் பெயர் தெரியும், தொட்டியில் தெரியாது. புரிகிறது. தொட்டியிலும் பெயர் எழுதலாம், பெயிண்டர் நான் ஏற்பாடு செய்கிறேன்.

கிளை நூலகத்து வாசகர் வட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்து மதாபிமான சங்கம் 1917-லிருந்து இருக்கும் ஊர் இது, 1919-ல் பாரதியார் வந்து போனார், வாழ்த்திப் பாடியும் வைத்தார். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு ஆளாகச் சேர்த்த புத்தகங்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. படிக்கிற ஊர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனால் பேச்சாளர், நூலகர், நான்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்ட ஆள் தேவை என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். மேடையில் பேசத் தயங்குகிறவர்கள் தரையில் உட்கார்ந்து படிக்கத் தயங்க மாட்டார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-லிருந்து நடக்கிறது, ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஊருக்குள் வருகிறார்கள். கோவிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பேரணி போகிறார்கள், எட்டாம் நாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் தொடங்கியதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வந்ததே உங்களுக்குத் தெரியாது. அந்தத் திட்ட அலுவலரை முன்கூட்டியே போய்ப் பார்த்து, எங்களிடம் இந்த வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்ல ஒரு ஆளை நியமித்தால் போதும்.

இதைப் படிக்கும் சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். கூப்பிடவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். செயலாளரைப் போய்ப் பாருங்கள். "என்ன உதவி வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் அவர் ரசீது புத்தகத்தைத்தான் எடுப்பார், அவரையும் குறை சொல்ல முடியாது. "எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வு, எனக்கு டைப் அடிக்கத் தெரியும்" என்றோ "என்கிட்ட டாட்டா ஏஸ் இருக்கு, மாசத்துல ஒரு நாள் டீசல் போட்டா ஓட்டித் தரேன்" என்றோ சொல்லுங்கள். சங்கமே இல்லாத தெரு என்றால் பதிவு, விதிமுறை, லெட்டர் பேடு என்று தொடங்காதீர்கள். எனக்கு ஆர்டர் போகிறது, பரவாயில்லை. தெருவில் ஒரு சின்ன வேலையை நாலு பேர் சேர்ந்து முடித்த பிறகு சங்கம் ஆரம்பித்தால் அது நிற்கும். லெட்டர் பேடோடு ஆரம்பித்த சங்கங்களின் மிச்சப் பேடுகள் என் பரணில் கிடக்கின்றன. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடி விழா நோட்டீஸ்களுக்கு ஆனியிலேயே வந்துவிடுவீர்கள். மேட்டரைக் கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும், நான் டைப் செய்துகொள்கிறேன். பின்பக்கத்துக்கு இந்த வருஷம் டிடிபி கூலி வாங்கப் போவதில்லை, பிளேட்டும் ஓட்டுக்கூலியும் மட்டும் கொடுங்கள். ஒரு நிபந்தனை. முன்பக்கத்து ப்ரூஃபைக் கமிட்டி பார்க்கட்டும். பின்பக்கத்து ப்ரூஃபைக் கமிட்டியில் இல்லாத, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் போக வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அவர் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மறுநாளே அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீஸ்களை அடிக்கும் அச்சகக்காரன்,
காரைக்குடி